ஊருக்குப் போய்ச் சொல்கிறோம்

காலை ஏழேகால் மணி. நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் கிடங்கின் இரும்புக் கதவு பாதி உயர்ந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது ஒரு மரப்பெட்டி. இடுப்பளவு உயரம், ஒரு காரின் முக்கால் நீளம். நான்கு பக்கமும் அம்புக்குறி போட்டு ஜெர்மன் மொழியில் எதையோ எழுதியிருந்தார்கள். மேலே விமானச் சரக்கின் ஒட்டுத்தாள். மார்ச் மாதத்தின் கடைசி வாரம். வாசலில் ஒதுக்கித் தள்ளிய பனி அழுக்கேறி, இன்னும் கரையாமல் கிடந்தது.

அந்தப் பெட்டியை நாங்கள் கேட்கவில்லை. அதை அனுப்பிய ஆலையிடம் எதுவும் வாங்குவதில்லை என்று ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தோம். அந்த முடிவை அந்த ஆலைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மரச்சாமான் இறக்குமதித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் சிலர், ஐரோப்பிய ஆலைகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதித் தரும்படி கேட்டீர்கள். தேர்ந்தெடுப்பதை நீங்களே கற்றுக்கொள்வீர்கள். இரண்டு வருடம் கண்காட்சிகளுக்குப் போய், நாலு கன்டெய்னர் தவறாக வந்து இறங்கினால் தானாக வந்துவிடும். தேர்ந்தெடுக்காத ஆலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் நாம் பார்க்கும் ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வகைதான். ஆகவே அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் அலுவலகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் எடிசனுக்கு வந்தேன். அதற்கு முன் சென்னையில் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். இங்கே அந்த வேலைக்கு மதிப்பில்லை. ஓக் ட்ரீ சாலைக்குப் பின்னால் ஒரு கிடங்கில் அலுவலகம் வைத்திருந்த தமிழர் ஒருவர், ‘இங்கிலீஷ்ல சுருக்கமா எழுத வருமா?’ என்று மட்டும் கேட்டு வேலை கொடுத்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கோயம்புத்தூர்க்காரியான எனக்கும் ஒரு வாரத்தில் அந்தச் சொல் பழகிவிட்டது.

அண்ணாச்சியிடம் சொந்தக் கடை கிடையாது. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியிலும் இருந்த சிறு மரச்சாமான் கடைக்காரர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். ஐரோப்பாவுக்குப் போய் ஆலை தேட அவர்களுக்கு நேரமில்லை. அவர்களுக்காக நாங்கள் போனோம். ஆலையைப் பார்த்து, மாதிரி வரவழைத்து, சரக்கு சேர்த்து, கன்டெய்னரில் ஏற்றி, பிரித்துக் கொடுப்போம். எங்கள் தேர்வு தவறானால் மூன்று மாநிலங்களில் கடைகள் காலியாக நிற்கும்.

மூன்று இடத்துக்காரர்களும் மூன்று விதமாகக் கேட்பார்கள். கலிஃபோர்னியாவின் குபெர்டினோ கடைக்காரருக்கு எடை குறைவாக வேண்டும்; அவருடைய வாடிக்கையாளர்கள் வருடத்துக்கு ஒரு அபார்ட்மென்ட் மாறும் இளைஞர்கள். எடிசன்காரருக்குத் துடைத்தால் மஞ்சள் கறை போக வேண்டும். டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் கடை வைத்திருந்த சென்னைக்காரருக்கு எல்லாம் கனமாக, கருமையாக, பெரிதாக வேண்டும். ஒருமுறை அவருக்கு ஜெர்மன் கட்டில்கள் அனுப்பினோம். ஒரே சட்டம், அதற்குள் இரண்டு தனித்தனி மெத்தை. அங்கே அதுதான் வழக்கம். மறுவாரம் போன் செய்தார்.

“மேடம், நடுவுல கேப் இருக்கு.”

“அது அப்படித்தாங்க. அங்க ஆளுக்கொரு மெத்தை.”

“அங்க ஆளுக்கொரு மெத்தை ஓகே. இங்க என் ஷோரூம்ல சேல்ஸ் பசங்க இதுக்கு டைவர்ஸ் கட்டில்னு பேரு வெச்சுட்டானுங்க. நேத்து ஒரு கப்பிள் படுத்துப் பாத்துட்டு சண்டை போட்டுகினே வெளிய போறாங்க. தயவு பண்ணி திருப்பி எடுத்துக்கோங்க.”

திருப்பி எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எந்த ஆலைக்குப் போனாலும் அண்ணாச்சி முதலில் அளவு நாடாவை எடுப்பார்.

அந்த ஜனவரியில் ஜெர்மனியின் கொலோன் நகர மரச்சாமான் கண்காட்சிக்கு இருவரும் போயிருந்தோம். சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் செய்யும் ஆலை ஒன்று தேவைப்பட்டது. இரண்டு ஆலைகள் பட்டியலில் எஞ்சின. ஒன்று மேற்கே, வெஸ்ட்ஃபேலியாவில், பெரிய ஆலை. துகள் பலகையின் மேல் மெல்லிய மர ஏடு ஒட்டிய மேசைகள். பார்க்க ஒன்றுமில்லை. ஆயிரமாவது மேசையும் முதல் மேசை போலவே இருக்கும். மற்றொன்று கிழக்கே, துரிங்கியா மலைக்காட்டில் ஒரு சிற்றூரில். நாடு இரண்டாக இருந்த காலத்தில் அரசு எடுத்துக்கொண்ட ஆலை அது. நாடு ஒன்றானதும் பழைய உரிமையாளரின் மகனுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. பீச் என்ற வெளிர்நிற மரத்தில், மேலே ஏடு எதுவும் ஒட்டாமல் முழு மரத்திலேயே மேசை செய்தார்கள். கண்காட்சியில் அவர்களுடைய கடை கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது. அண்ணாச்சி கழிப்பறைக்குப் போனவர் அரை மணி நேரம் வரவில்லை. தேடிப் போனேன். அந்தக் கடையில் ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

“எம்மா, இங்க வா. ஒரு ஸ்க்ரூ உண்டான்னு பாரு.”

ஸ்க்ரூ எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆலைக்குப் போனோம். உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். ஆங்கிலம் தெரியாது. அவருடைய மகள் உல்ரிகே மொழிபெயர்த்தாள். முப்பது வயது, குட்டையான முடி, சட்டைக் கையில் ஒட்டிய மரத்தூள். ஆலையின் ஏற்றுமதி, கணக்கு, தொலைபேசி எல்லாம் அவள்தான்.

ஆலைகளைப் பார்க்கும்போது நான் இயந்திரங்களை அதிகம் பார்ப்பதில்லை. எது ஒன்றே ஒன்றாக இருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றே ஒன்றாக இருப்பது எதுவோ, அதுதான் ஒரு நாள் நம் கன்டெய்னரை நிறுத்தும். அங்கே பாலிஷ் அடிக்கும் கூடம் ஒன்றே ஒன்று. பழையது. அதை ஓட்டத் தெரிந்தவரும் ஒருவரே. நாங்கள் போன அன்று அவருக்குச் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. லேசாக உதட்டைப் பிதுக்கினார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டிய நேரம் அது. மணி பன்னிரண்டு. உல்ரிகே, “வீட்டில் அம்மா சாப்பாடு செய்திருக்கிறார்கள்” என்றாள்.

அண்ணாச்சி இறைச்சி சாப்பிட மாட்டார். அதை அவள் கண்காட்சியிலேயே கேட்டு வைத்திருந்தாள். உருளைக்கிழங்கை அரைத்துப் பிடித்த பெரிய உருண்டைகள், காளான் குழம்பு, சிவப்புக் கோஸ். அவர்களுடைய சொந்த மேசையில், அவர்கள் செய்த நாற்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் போன்ற ஒருவரும் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிடும்போதே உல்ரிகே ஒன்றைச் சொன்னாள். மறைக்கவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. இந்த நாட்டில் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மார்ச் மாதம் முடிவதற்குள் ஒரு வெளிநாட்டு ஆர்டரைக் காட்டினால் வங்கி கடனை நீட்டிக்கும். காட்டாவிட்டால் ஆலையை மூட வேண்டும். ஊரில் வேறு வேலை கிடையாது.

அண்ணாச்சியின் கையிலிருந்த முள்கரண்டி நின்றது. பிறகு, கேட்காமலே இன்னொரு உருண்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

காபி வந்தது. தந்தை நேராகக் கேட்டார். உல்ரிகே மொழிபெயர்த்தாள்: “நீங்கள் வாங்குவீர்களா?”

அண்ணாச்சி சிரித்தார். மேசையைத் தடவினார். “மேசை நல்ல மேசை. ஆனால் எங்கள் வீடுகளில் வார இறுதியில் பத்துப் பேர் வருவார்கள். இது சிறியது” என்றார்.

தந்தை சட்டைப் பையிலிருந்து தச்சர்கள் வைத்திருக்கும் பட்டைப் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

“நாற்காலி முதுகு நேராக நிற்கிறது. அமெரிக்கர்கள் சாய்ந்து உட்காருவார்கள்.”

எழுதினார்.

“அப்புறம், எங்கள் வீடுகளில் குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் ஓடும். தரையிலிருந்து சூடான காற்று வரும். முழு மரம் என்றால் பலகை பிளந்துவிடும்.”

இதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். மகளிடம் ஏதோ கேட்டார். அவள் எங்களிடம் கேட்டாள்: “எவ்வளவு சூடு? அறையின் ஈரப்பதம் எவ்வளவு?”

அண்ணாச்சிக்கு அது தெரியாது. எழுந்து இரண்டு கையாலும் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். “நாங்கள் ஊருக்குப் போய்ச் சொல்கிறோம்” என்றார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு விளக்கம் தேவைப்படாது. நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்று சொல்வது இதுதான். பிடித்திருந்தால் அன்று மாலையே யாராவது ஓடி வருவார்கள். பிடிக்காவிட்டால் எதுவும் வராது. பெண் வீட்டார் நாலு நாள் வாசலைப் பார்ப்பார்கள். பிறகு புரிந்துகொண்டு அடுத்த இடத்தைப் பார்ப்பார்கள். முகத்துக்கு நேராக யாரும் யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் முறை தெரிந்திருந்தால் அது நல்ல முறைதான்.

ரயில் நிலையத்துக்குப் போகும் டாக்ஸியில் அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

“நல்ல மனுசங்கம்மா. என்ன செய்ய, நமக்கு ஒத்துவராது. அந்தப் பாலிஷ்காரனுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா நம்ம பொழப்பு போச்சு.”

“அத அவங்ககிட்டச் சொல்லலியே அண்ணாச்சி.”

“சொல்லிட்டேன்லா?”

“எங்க சொன்னீங்க? மூணு குறை சொன்னீங்க. அவரு எழுதிக்கிட்டாருங்க.”

“மூணு குறை சொன்னா வேண்டாம்னுதானம்மா அர்த்தம்? எங்க ஊர்ல ஒரு குறை சொன்னாலே பொண்ணு வீட்ல தாம்பாளத்த எடுத்து உள்ள வச்சிருவாங்க.”

டாக்ஸி ஓட்டுநர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். வழியெல்லாம் ஊசியிலை மரங்கள்.

எடிசனுக்குத் திரும்பிய அன்றே வெஸ்ட்ஃபேலியா ஆலைக்கு ஆர்டர் ஃபேக்ஸ் போனது. துரிங்கியாவுக்கு ஒரு மறுப்பை நான் எழுதினேன். ஏழு வரி. அண்ணாச்சியின் மேசையில் வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் ஆலைகளுக்கு ஆம், இல்லை இரண்டையும் சொல்பவர் அவர் மட்டும்தான். படித்தார். “நல்லா எழுதியிருக்கம்மா. இருக்கட்டும்” என்று டிராயரில் போட்டார். பிப்ரவரியில் இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். அதையும் போட்டார்.

“சாப்பாடு போட்ட வீட்ல போய் மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிம்மா சொல்லுதது? அவங்களே புரிஞ்சுக்கிடுவாங்க.”

அவர்கள் புரிந்துகொள்ளவில்லை. பிப்ரவரி நடுவில் உல்ரிகேயிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. மேசையைப் பத்துப் பேருக்கு நீட்டியாகிவிட்டது என்று வரைபடத்தோடு எழுதியிருந்தாள். அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தியா, விட மாட்டேங்காளே” என்றார். பத்து நாள் கழித்து நாற்காலியின் முதுகைச் சாய்த்த வரைபடம் வந்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அடுத்து அவள் போனே செய்தாள். நான் எடுத்து அவரிடம் கொடுத்தேன். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று அவர் முன்னாலேயே நின்றேன்.

“ஆமாம், பார்த்தேன். நாற்காலி மிக அழகு” என்றார் ஆங்கிலத்தில். என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். “ஆனால்… நிறம். டெக்சஸில் வெளிர் நிறம் போகாது. அங்கே கருமையாகத்தான் கேட்பார்கள்.”

போனை வைத்ததும் அவரே சொன்னார்: “கலர் மாத்துறது லேசு இல்லம்மா. அவங்க மரத்துக்குக் கறுப்புச் சாயம் போட மனசு வராது. இதோட விட்டுருவாங்க.”

நம்மவர் ஒருவர் குறை சொன்னால் அதைச் சொன்னவர் மனதில் என்ன முடிவு இருக்கிறது என்று நாம் பார்க்கிறோம். அந்த ஆலைக்காரர் குறையை மட்டும் பார்த்தார். குறை என்றால் அவருக்கு ஒரு வேலை. வேலை என்றால் செய்து முடிப்பது. அண்ணாச்சி ஒவ்வொரு முறை கதவைச் சாத்தியபோதும், அங்கே கதவு இன்னும் கொஞ்சம் திறந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

பெட்டி வந்த காலைக்குத் திரும்புகிறேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் கடப்பாரையால் பலகைகளைப் பெயர்த்தார். உள்ளே போர்வையால் சுற்றிய மேசை. இரண்டு நாற்காலிகள். போர்வையை எடுத்தோம். மேசை கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. சாயம் போட்டதே தெரியாமல், மரத்தின் ரேகை உள்ளே ஓடியது. பத்துப் பேர் உட்காரலாம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு சாய்ந்தது.

குனிந்து மேசையின் அடியைப் பார்த்தேன். கண்காட்சியில் பார்த்த மேசையில் பலகையைச் சட்டத்தோடு அசையாமல் ஒட்டியிருந்தார்கள். இதில் ஒட்டவில்லை. சட்டத்தில் நீளவாட்டில் காடி என்னும் பள்ளம் வெட்டி, அதற்குள் சிறிய மரக்கட்டைகள் நகரும்படி பொருத்தியிருந்தார்கள். காற்று உலர்ந்தால் பலகை சுருங்கட்டும், ஈரமானால் விரியட்டும் என்று அதற்கு இடம் விட்டிருந்தார்கள். பெட்டியோடு வந்த தாளில் உல்ரிகே எழுதியிருந்தாள்: பலகையை ஆலையின் கொதிகலன் அறையில் பல வாரம் வைத்துப் பார்த்தோம், பிளக்கவில்லை.

அண்ணாச்சி எட்டு மணிக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையைச் சுற்றி வந்தார். உள்ளங்கையை வைத்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர வெகு நேரமானது.

“நாம சொன்னதெல்லாம் செஞ்சிட்டாங்களே” என்றார்.

“ஆமாங்க அண்ணாச்சி.”

“பாலிஷ் லைனு?”

“ஒண்ணுதான். அதப்பத்தி நாம எதுவும் சொல்லலியே.”

அவர் ஓர் ஆர்டர் கொடுத்துவிடலாமா என்று யோசித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் வெஸ்ட்ஃபேலியாவின் முதல் கன்டெய்னர் ஏற்கனவே கடலில் இருந்தது. மூன்று மாநிலக் கடைக்காரர்களும் அந்த ஆலையின் கேட்லாகைத்தான் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். கறுப்பு மேசைக்கு யாரும் காத்திருக்கவில்லை. கோட்டுப் பையில் கைவிட்டு எதையோ தேடினார். எதுவும் எடுக்காமல் கையை வெளியே எடுத்தார்.

“என்னால முடியாதும்மா. நீ பேசிரு.”

சென்னைச் செய்தி அறையில் ஒரு செய்தி ஆசிரியரிடம் வேலை பார்த்தேன். கடுகடுப்பானவர். நிருபர் கொண்டுவந்த செய்தியைப் போடுவதில்லை என்று முடிவானால் அதை அன்று மாலையே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார். இரக்கமில்லாதவர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருமுறை கேட்டதற்குச் சொன்னார்: “வராதுன்னு தெரிஞ்சா அவன் வேற செய்திக்குப் போவான். தெரியலைன்னா இங்கயே நிப்பான்.” எடிசன் கிடங்கில் போனை எடுத்தபோது அது ஞாபகத்துக்கு வந்தது.

ஜெர்மனியில் பிற்பகல். முதல் மணியிலேயே உல்ரிகே எடுத்தாள்.

“பெட்டி வந்ததா? அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார். நிறம் சரியாக இருக்கிறதா?”

“நிறம் சரி. மேசை மிக நன்றாக இருக்கிறது. உல்ரிகே, நாங்கள் இதை வாங்கப் போவதில்லை.”

“எதை மாற்ற வேண்டும்?”

“எதையும் மாற்ற வேண்டாம்.”

பின்னணியில் ஓர் இயந்திரம் ஓடி நின்றது.

“பிறகு ஏன்?”

“உங்களிடம் பாலிஷ் கூடம் ஒன்றுதான் இருக்கிறது. அது நின்றால் எங்கள் கடைகள் எல்லாம் நிற்கும். வேறு ஆலைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம்.”

“அந்தக் கூடத்தை நீங்கள் ஜனவரியிலேயே பார்த்தீர்கள்.”

“ஆமாம்.”

“அப்படியானால் ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டீர்கள்.”

“ஆமாம்.”

அவள் ரிசீவரைத் தள்ளிப் பிடித்துத் தந்தையிடம் ஜெர்மன் மொழியில் சொன்னாள். நீண்ட நேரம் சொல்லவில்லை. இரண்டு வாக்கியம் இருக்கும். திரும்ப வந்தபோது அவள் குரலில் மாற்றமில்லை. அதே நிதானமான பள்ளிக்கூட ஆங்கிலம்.

“பிப்ரவரியில் ஒரு டேனிஷ் நிறுவனம் வந்தது. பள்ளிகளுக்கு நாற்காலி கேட்டார்கள். சாதாரண நாற்காலி. கோடை வரைக்கும் வேலை இருந்திருக்கும். எங்கள் வசந்தகாலம் முழுவதும் அமெரிக்காவுக்கு என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.”

“அவர்களிடம் இப்போது கேட்க முடியாதா?”

“அவர்கள் போலந்தில் வாங்கிவிட்டார்கள்.”

மாதிரிகளைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு, தந்தை ஏதோ சொல்கிறார், இருங்கள் என்றாள்.

“அப்பா ஒன்று கேட்கிறார். மேசையை ஹீட்டர் உள்ள அறையில் வைப்பீர்களா? ஒரு குளிர்காலம் முழுவதும். பலகை பிளக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.”

வைக்கிறேன் என்றேன்.

“சொன்னதற்கு நன்றி” என்று வைத்துவிட்டாள்.

அண்ணாச்சி கிடங்கு வாசலில், பனிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: “என்ன சொல்லுதாங்க?”

“நன்றி சொன்னாங்க.”

“திட்டலியா?”

“இல்லீங்க.”

“திட்டியிருக்கலாம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்” என்றார். டேனிஷ் நாற்காலி விவரத்தை அவரிடம் மதியம் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

இந்தக் கதையிலிருந்து ஒரு பாடம் எடுத்துத் தர வேண்டும் என்றால் அது எளிது. மறுப்பை உடனே சொல்லுங்கள். உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். நோகாத காரணத்தைத் தேடாதீர்கள். உள்ளதைச் சொன்னால் அவர்கள் ஒன்று அதைச் சரிசெய்வார்கள், அல்லது வேறு இடம் பார்ப்பார்கள். ஆலையில் சாப்பிடுவதற்கு முன்பே சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு நம்மால் முடியாது.

அதற்குப் பிறகு மறுக்கும் வேலை என்னிடம் வந்தது. அண்ணாச்சி மாறவில்லை. எங்கே போனாலும் எழுந்து நின்று, கை பிடித்து, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்பார். வெளியே வந்ததும் நான் உள்ளே திரும்பிப் போய், இல்லை என்பேன். சில ஆலைக்காரர்களின் முகம் சிவந்தது. ஒருவர் கேட்லாகை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பலர் சரி என்று தலையசைத்து அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார்கள்.

இதனால் யாராவது பிழைத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். அடுத்தடுத்த வருடங்களில் நான் அதே நாளில் மறுத்த ஆலைகளிலும் பாதிக்குமேல் மூடின. கண்காட்சியில் அவர்கள் இருந்த இடத்தில் வேறு பெயர் இருக்கும். நாங்கள் ஆர்டர் கொடுத்த வெஸ்ட்ஃபேலியா ஆலையும் பத்தாண்டு முடிவதற்குள் வேறொருவர் கைக்குப் போய், வேலை வேறு நாட்டுக்குப் போனது. அவர்களிடம் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது. நேரத்தில் சொன்ன மறுப்பு ஓர் ஆலையைக் காப்பாற்றும் என்று நான் இப்போது நம்பவில்லை. அவர்கள் வீணாகக் காத்திருக்காமல் இருப்பார்கள். அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. அதையாவது செய்யுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கறுப்பு மேசையை அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில் போட்டோம். தரையில் ஹீட்டர் காற்று வரும் துளைக்கு நேர்மேலே போடும்படி நான் சொன்னேன். அண்ணாச்சி தன் சாப்பாட்டு டப்பாவைத் தன் அறையிலேயே வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். நாங்கள் மேசையில் சாப்பிட்டோம். புளிக்குழம்பு சிந்தியது. துடைத்தோம். கறை போனது.

ஒரு குளிர்காலம் முடிந்தது. மேசைக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். காடிக்குள் மரக்கட்டைகள் ஒரு நெல் அளவுக்கு நகர்ந்திருந்தன. மேலே பலகையில் ஒன்றுமில்லை. இரண்டு வரி எழுதி, துரிங்கியாவின் எண்ணுக்கு ஃபேக்ஸ் போட்டேன். போகவில்லை. மறுநாளும் போட்டேன். பிறகு போன் செய்தேன். அந்த எண் இப்போது இல்லை என்று ஜெர்மன் மொழியில் பதிவு செய்யப்பட்ட குரல் சொன்னது. மூடிப்போன ஆலைகளுக்குப் போன் செய்து செய்து, அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதற்குள் பழகியிருந்தது.

இரண்டாயிரத்து ஒன்றின் இறுதியில் அலுவலகத்தை மூடியபோது மேசை என் வீட்டுக்கு வந்தது. பலகையில் விரிசல் இல்லை.